உள்ளங்கையில் 4.52

அத்தியாயம் 14

இரவெல்லாம் விழித்திருந்து வேலை பார்த்தவர்களுக்குக் காலை ஏழரை மணி ஒரு தனி ஊர். நன்றாகத் தூங்கி எழுந்தவர்களுக்கு அந்த ஊருக்கு வழி தெரியாது. அங்கே டீக்கடைப் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். படி இறங்கினால் தரை நினைத்த இடத்தில் இருக்காது. யார் என்ன சொன்னாலும் சரியென்றே படும்.

நம் முத்துமீனா இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊருக்குப் போய் வருகிறவள். இன்றைக்கும் கோரிப்பாளையம் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது, எதிரே போகிற பஸ்கள் சத்தமில்லாமல் மிதந்து போயின. இடது உள்ளங்கையில் நீலப் பேனாவால் 4.52 என்று எழுதியிருந்தது. டூட்டியில் கடைசியாகப் பிறந்த பெண் பிள்ளையின் நேரம் அது.

இந்தக் கையில் எழுதும் பழக்கத்தைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பிரசவ அறையில் பிள்ளையைத் தாயின் நெஞ்சில் போட்டு, கையுறையைக் கழற்றியதும் முத்துமீனா செய்யும் முதல் காரியம் உள்ளங்கையில் நேரத்தை எழுதுவது. கேஸ் ஷீட்டைத் தேடிப் போனால் நிமிஷம் தப்பிவிடும். நிமிஷம் தப்பினால் லக்னம் தப்பிவிட்டது என்று ஜாதகம் எழுதப் போனவர்கள் சண்டைக்குத் திரும்பி வருவார்கள். பிறகு அது கேஸ் ஷீட்டில் ஏறும், ரிஜிஸ்டரில் ஏறும், அவளுடைய கைப்பையில் கிடக்கிற நோட்டிலும் ஏறும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, பிறந்த நேரத்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களுக்காக அந்த நோட்டு. அப்படிப்பட்டவர்கள் மாசத்துக்கு ஒருத்தராவது வருவார்கள்.

அவள் கணவன் பாண்டிராஜ் வண்டியோடு நின்றிருந்தான். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஒன்றரை ஏக்கரில் விளைந்த வெண்டைக்காயை விடியும் முன்பே பறித்து வந்து, மார்க்கெட்டில் போட்டுவிட்டு, அப்படியே மனைவியை ஏற்றிக்கொண்டு போவது அவன் வழக்கம். வெண்டைச் சுணை பட்ட முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தவன், அவள் ஏறி உட்கார்ந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முதுகைச் சுற்றித் தன் வயிற்றோடு சேர்த்து முடிந்தான். ஒரு தடவை சமயநல்லூர் ரோட்டில் அவள் தூங்கிச் சரிந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. ஊரில் கேலி பேசாதவர்கள் கிடையாது. இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கியது கிடையாது.

தல்லாகுளத்தில் இறக்கி விடுங்கள் என்றாள் அவள். வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லையா என்று கேட்டான்.

"டிரெய்னிங் இருக்குங்க. மத்தியானம் வரைக்கும்."

"இன்னும் எம்புட்டுத்தான் படிப்ப மீனா? பிள்ளை பெறக்குறதுல புதுசா என்ன வந்துருச்சு?"

அவள் துண்டை இழுத்து இறுக்கிக்கொண்டாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அதில் பாதியைச் சொன்னால் மீதியும் வந்துவிடும்.

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக அந்த மீதியை நானே சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் புது நிர்வாகம் வந்திருக்கிறது. வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். பிரசவத்துக்கென்று மேல்படிப்புச் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டுமே இனிப் பிரசவ அறையில் நிற்கலாம். படிப்பில் சேர்ந்திருப்பவர்களுக்குத் திரும்பி வரும்வரை இடம் காத்திருக்கும். மற்றவர்கள் தை மாதத்திலிருந்து வார்டுக்கும் ஓ.பி.க்கும் போக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்திய முத்துமீனா, இனி ஓ.பி.யில் டோக்கன் கிழித்துக் கொடுக்க வேண்டும்.

தல்லாகுளத்தில் ஓர் அறக்கட்டளை, வேலையிலிருக்கும் செவிலியர்களுக்கு அந்தப் படிப்பை நடத்துகிறது. ஒரு வருஷம், விடுதியில் தங்கி. பன்னிரண்டு இடம். தேர்வு நாளில் வயது நாற்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது. முத்துமீனாவுக்கு அடுத்த மாதம் முடிகிறது. இன்றைக்குச் செய்முறைத் தேர்வு. இது போனால் அவளுக்கு அடுத்தது கிடையாது.

இதில் எதையும், முக்கியமாக விடுதி என்ற சொல்லை, அவள் பாண்டிராஜிடம் சொல்லவில்லை.

படிப்பில் சேர்வதற்கான விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்தவள் மருமகள் காவ்யஸ்ரீ. அந்த அறக்கட்டளையின் பயிற்சி மையத்தில் ஆசிரியையாக இருப்பவள். ஒரு வார்த்தை பேசாமல் பிரிட்ஜின் மேல் பாரத்தை வைத்துவிட்டுப் போனாள் என்று பார்த்தோம். இது உதவியா, மாமியாரை ஒரு வருஷத்துக்கு வீட்டைவிட்டுக் கிளப்புகிற வேலையா என்று கேட்டு எழுதியவர்கள் உண்டு. காவ்யஸ்ரீயையே பிடித்துக் கேட்டிருந்தாலும் அவளுக்கும் பதில் தெரிந்திருக்காது.

கோரிப்பாளையத்திலிருந்து தல்லாகுளம் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷமும் முத்துமீனா கணவனின் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கினாள். கனவு வந்தது. ரோட்டில் போகிற எல்லோருக்கும் நெற்றியில் பொட்டு இருக்கிற இடத்தில் நேரம் எழுதியிருந்தது. சிக்னலில் நின்ற போலீஸ்காரருக்கு 6.10. ஆட்டோக்காரருக்கு 1.35. பள்ளிக்கூடம் போகிற பெண்களுக்கு வரிசையாக 2.20, 9.05, 11.18. எல்லோரையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரே ஒருத்தி மட்டும் பச்சைச் சேலையில் முதுகைக் காட்டி நின்றாள். அவள் திரும்பட்டும், நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முத்துமீனா காத்திருக்கும்போதே பாண்டிராஜ் துண்டை அவிழ்த்துவிட்டான்.

காவ்யஸ்ரீ அன்றைக்குப் பச்சைச் சேலைதான் கட்டியிருந்தாள்.

தேர்வு நாளில் தன்னை வாசலில் பெயர் பதியும் மேசையில் போடும்படி முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தாள். மாமியார் வருகிற அறைக்குள் தான் இருக்கக் கூடாது, அது முறையில்லை. ஏன் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் வீட்டுக் கதையெல்லாம் வரும் என்ற கூச்சம். ஆனால் காலை ஒன்பது மணிக்கு முனீஸ்வரிக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. தாயாக நடிக்க வேண்டியவள் முனீஸ்வரி.

நடிப்பு என்றால் வேடிக்கை இல்லை. ரப்பர் வயிறு ஒன்றை இடுப்பில் வார் போட்டுக் கட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வலியில் முனக வேண்டும். வயிற்றுக்குள்ளே பிள்ளைப் பொம்மை. கை ஒன்று போர்வைக்குள் இருக்கும். அந்தக் கையில் ஒரு ரப்பர் குமிழ். வெளியே வந்த பொம்மை மூச்சில்லாமல் கிடக்கும். தேர்வுக்கு வந்தவர் சரியாகத் துடைத்து, சரியாக முகமூடியை வைத்துக் காற்றைக் கொடுத்து, பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்கினால், நடிப்பவர் குமிழை அமுக்க வேண்டும். பொம்மை அழும். ஒரு நிமிஷத்துக்குள் மூச்சுக் கொடுக்க ஆரம்பித்தார்களா என்பதற்குத்தான் பெரிய மார்க்.

"காவ்யா, நீ கட்டிக்க" என்றார் ரோகிணி மேடம். மையத்தின் மூத்த ஆசிரியை. சொல்லிக்கொண்டே வாரைப் பின்னால் இழுத்து மாட்டியும் விட்டார். 'மேடம், இன்றைக்கு வருகிறவர்களில் ஒருத்தர்...' என்று காவ்யஸ்ரீ தொடங்குவதற்குள் முதல் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.  ஒன்பதாவது டோக்கன் மாமியாருடையது. அதற்குள் சொல்லிவிடலாம் என்று எட்டுத் தடவை நினைத்தாள். எட்டுப் பிள்ளை பெற்றாள்.

அவள் ஏன் மாமியாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன்.

காவ்யஸ்ரீ சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். முத்துமீனாவின் மகன் இம்மானுவேலைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். பெயரைக் கேட்டு மாப்பிள்ளை கிறிஸ்தவர் என்று நினைத்த அவள் வீட்டார், குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டுக்குக் கூப்பிட்டபோதுதான் அவன் கிறிஸ்தவன் இல்லை என்பது தெரிந்து இன்னும் கொஞ்சம் குழம்பினார்கள். கல்யாணமாகிப் பத்து மாதம். இம்மானுவேலுக்கு ஓசூரில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவான். ஐந்து மாதத்துக்கு முன், மூன்று மாதக் கர்ப்பமாயிருந்த காவ்யஸ்ரீ வீட்டில் தனியாக இருந்தபோது கரு கலைந்துவிட்டது. முதலில் போன் போட்டது மாமியாருக்கு. அழுகையில் அவளுக்குத் தமிழே வரவில்லை, வீட்டுப் பாஷைதான் வந்தது. எப்படியோ புரிந்துகொண்ட முத்துமீனா அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?"

அந்தக் கேள்வியைத்தான் காவ்யஸ்ரீயால் மறக்க முடியவில்லை. வார்டில் கிடக்கிற யாரோ ஒருத்தியைக் கேட்பது மாதிரி. படு, காலை உயர்த்தி வை, மாமாவை அனுப்புகிறேன் என்றெல்லாம் பிறகு சொன்னாள். பாண்டிராஜ் வந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். முத்துமீனா மட்டும் சாயங்காலம்தான் வந்தாள். பிரசவ அறையில் அன்றைக்கு அவள் ஒருத்திதான், வலியில் இரண்டு பேர். ஊரார் பிள்ளைக்கெல்லாம் பக்கத்தில் நின்றவள் தன் பிள்ளைக்கு நிற்கவில்லை என்று காவ்யஸ்ரீ மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. ரசம் சோறு வந்தது, வெந்நீர் வந்தது, பேச்சு வரவில்லை.

"டோக்கன் ஒன்பது."

முத்துமீனா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. ஏ.சி. குளிரும் புது ரப்பர் வாசமும் அவளை இன்னும் கொஞ்சம் மிதக்க வைத்தன. கட்டிலைப் பார்த்தாள். பச்சைச் சேலை. நிறைமாத வயிறு. வயிற்றின் மேல் மருமகளின் முகம்.

அது ரப்பர் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் முந்தின கனவே இன்னும் முடியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பச்சைச் சேலைக்காரி ஒருவழியாகத் திரும்பிவிட்டாள்.

"வணக்கம் மேடம்" என்றாள் முத்துமீனா, மருமகளைப் பார்த்து.

"வாங்க சிஸ்டர்" என்றாள் காவ்யஸ்ரீ.

வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ரோகிணி மேடம் மார்க் தாளில் பேனாவை வைத்துக்கொண்டு தலையசைத்தார்.

முத்துமீனா கை கழுவினாள். பேனா மை ஒரு கழுவலுக்குப் போகாது, 4.52 கொஞ்சம் வெளிறி அங்கேயே இருந்தது. கையுறை போட்டாள். "முக்காத தாயி, மெதுவா மூச்சை விடு" என்றாள். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன குரல். காவ்யஸ்ரீ இதற்கு முன் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. வீட்டில் முத்துமீனா பேசுகிற குரல் வேறு.

பொம்மை வெளியே வந்தது. துணியில் வாங்கித் துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். அசைவில்லை. தொப்புள்கொடியை இறுக்கி வெட்டி, பக்கத்து மேசைக்கு மாற்றி, தலையை நேராக்கினாள். கை தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"பிறந்த நேரம்?" என்று கேட்டார் ரோகிணி மேடம். தாளில் அதற்கொரு கட்டம் உண்டு.

முத்துமீனா கண நேரம்கூட யோசிக்கவில்லை. மெல்லிய கையுறைக்குள் தெரிந்த இடது உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாலு அம்பத்திரண்டு."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது. ரோகிணி மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். முத்துமீனாவின் கையைப் பார்த்தார். தாளில் ஏதோ எழுதினார். காவ்யஸ்ரீ மனசுக்குள் கட்டங்களை எண்ணினாள். நேரம் தப்பு. கையில் மை. இரண்டு கட்டம் போச்சு. இனிமேல் ஒன்றும் தப்பக் கூடாது.

முகமூடி பொம்மையின் மூக்கிலும் வாயிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. முகமூடியோடு சேர்ந்த காற்றுப் பையை அமுக்கினாள். நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஒரு நிமிஷத்துக்கு இன்னும் பத்து விநாடி பாக்கி. இனித் தாயாக நடிப்பவள் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான். தேர்வுக்கு வந்தவர் தாயோடு எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பதற்காக அது. காலையிலிருந்து எட்டுத் தடவை சொன்ன வசனம்.

"எம் பிள்ளை ஏன் அழல?"

ஒன்பதாவது தடவை அது வசனமாக வரவில்லை. எட்டுப் பேரிடமும் சொன்ன அதே சொற்கள்தான். ஆனால் இந்த ஆளிடம் இதை ஐந்து மாதமாகக் கேட்க வேண்டியிருந்தது.

முத்துமீனா கையை நிறுத்தாமல் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"பிள்ளை இன்னும் மூச்செடுக்கல தாயி. நான் காத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். நெஞ்சு ஏறி எறங்குது பாரு."

பொய்யும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. அந்தக் கட்டத்துக்கு முழு மார்க். ரோகிணி மேடம் போட்டும் விட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. இப்போது காவ்யஸ்ரீ குமிழை அமுக்க வேண்டும்.

அவள் அமுக்கவில்லை. கை மறந்துவிட்டது. வாய் மட்டும், எந்தத் தாளிலும் இல்லாத ஒன்றைக் கேட்டது.

"நீங்க எங்கயும் போயிற மாட்டீங்களே?"

"போக மாட்டேன்" என்றாள் முத்துமீனா. கை பையை அமுக்கிக்கொண்டே இருந்தது. "அன்னைக்குத்தான் வர முடியல. இன்னைக்கு ஒம் பக்கத்துலயேதான் நிக்கிறேன்."

ரோகிணி மேடத்தின் பேனா நின்றது. பொம்மை அழவில்லை. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கட்டிலில் இருந்தவள்தான் அழுதுகொண்டிருந்தாள், நடிப்பில் சேராத அழுகை. பையை அமுக்குகிற சத்தம் மட்டும் சீராக அறையில் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். பொம்மை அழாமல் முத்துமீனா நிறுத்தமாட்டாள் என்பது ரோகிணி மேடத்துக்குப் புரிந்தபோது அவரே எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"யாரு இவங்க காவ்யா?"

"எங்க அத்தை, மேடம். எம் மாமியார். காலையிலயே சொல்லியிருக்கணும்." போர்வைக்குள்ளிருந்து குமிழை எடுத்து மடியில் வைத்தாள். "அவங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சாங்க. நாந்தான் அமுக்கல."

ரோகிணி மேடம் நிறையக் கோபப்பட்டிருக்கலாம். கோபப்படவும் செய்தார், குரலை உயர்த்தாமல். இந்த மார்க்கைச் சேர்க்க முடியாது என்றார். சேர்த்தால் மற்ற நாற்பது பேருக்குத் துரோகம். தாளைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். முத்துமீனா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தின் மேல் போட்ட கோடாக அது அவளுக்குத் தெரிந்தது.

கடைசியில் மேடம் சொன்னது இதுதான்: எல்லோரும் முடிந்தபிறகு, மூன்றரை மணிக்கு, முதலிலிருந்து ஒரு தடவை. வேறு ஆசிரியை மார்க் போடுவார். காவ்யஸ்ரீ அந்த அறைப் பக்கமே வரக் கூடாது. அதற்குள் இந்த அம்மா கொஞ்சம் தூங்கட்டும்.

பின்பக்க வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. மதியம் தனக்குப் பதில் வேறொருத்தி வயிற்றைக் கட்டிக்கொள்ள, காவ்யஸ்ரீ அங்கே வந்தாள். மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் மரத்துக்குள்ளே புகுந்து தரையில் சில்லறை சில்லறையாக விழுந்து கிடந்தது.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள் காவ்யஸ்ரீ. இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் கேட்கப்போவதில்லை.

"அன்னைக்கு மொதல்ல மணியத்தான் கேட்டீங்க அத்தை. நான் எப்படி இருக்கேன்னு கேக்கல."

 தூக்கம் முத்துமீனாவின் கண்ணிமையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கைப்பையை மருமகளின் மடிக்குத் தள்ளினாள்.

"நோட்டு இருக்கு பாரு. ஜூலை" என்றாள். அவ்வளவுதான். முந்தானையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள். காவ்யஸ்ரீ பையைத் திறப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

பைக்குள் துவைத்த கைக்குட்டை, மூட்டு வலி மாத்திரை, பாதி பிஸ்கட் பாக்கெட். அடியில் நீல அட்டை நோட்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. தேதி, நேரம், தாயின் பெயர், ஆணா பெண்ணா. ஜூன் முழுக்க வரிகள். ஜூலை ஒன்று, மூன்று, நாலு. சில நாளில் ஆறு வரி, சில நாளில் ஒன்று. ஜூலை 18-இல் மூன்று வரி. இரண்டு, அன்றைக்கு வலியில் கிடந்த அந்த இரண்டு பேருக்கு. 12.20, ஆண். 1.05, பெண். அவற்றுக்கு மேலே இருந்தது அந்த நாளின் முதல் வரி.

11.45. காவ்யா. எங்க வீட்டுப் பிள்ளை. நான் பக்கத்துல இல்ல.

ஆணா பெண்ணா என்று எழுத வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

ஐந்து மாதமாக அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் ஒரு தாளும் கிடையாது என்று காவ்யஸ்ரீ நினைத்திருந்தாள். ரிப்போர்ட்டில் அது ஒரு மருத்துவச் சொல். அவள் அம்மா வீட்டில் 'அதை' என்றார்கள். இம்மானுவேல் பேச்சை மாற்றினான். இங்கே ஒரு வரி இருந்தது, மற்றப் பிள்ளைகளின் வரிசையில், அதே நீல மையில், நேரத்தோடு. மணியைக் கேட்டது இதற்காகத்தான். கேட்டவளுக்கு வேறு எப்படித் துக்கப்படுவது என்று தெரியவில்லை.

காவ்யஸ்ரீ நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அத்தையின் தலை பெஞ்சின் கம்பியில் இடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக நகர்ந்து தன் தோளைக் கொடுத்தாள். மூன்று மணி வரைக்கும் அசையவில்லை. அவளுக்கும் கண் சொருகியது. கனவோ நினைப்போ, நெற்றியில் 11.45 என்று எழுதியிருந்த ஒரு சின்னப் பிள்ளை வராந்தாவில் தத்தித் தத்தி நடந்து வேப்பமரத்தடி வரைக்கும் போனது. அழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு எழுப்பினாள். முதலில் 4.52-ஐ நோட்டில் ஏற்றினார்கள். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அத்தையின் உள்ளங்கையை அவளே துடைத்தாள். மை கரைந்து பஞ்சு நீலமானது. எத்தனையோ பிள்ளைகளின் நேரம் எழுதி அழிந்த கை. அதை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"கையில ஒண்ணும் எழுதக் கூடாது அத்தை. செவுத்துல கடிகாரம் இருக்கு. தலைய நிமுத்திப் பாத்தாப் போதும்."

"சரி மேடம்" என்றாள் முத்துமீனா. காவ்யஸ்ரீ சிரித்துவிட்டாள்.

மூன்றரைக்குக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ரோகிணி மேடமே. காவ்யஸ்ரீ கதவிலிருந்து எட்டவே, வராந்தா முனையில், நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் பாண்டிராஜ் வந்தான். டிரெய்னிங் நீள்கிறது என்று போனில் சொன்னதால், வீட்டிலிருந்து தூக்கில் தயிர்சோறு கொண்டுவந்திருந்தான். வாசலில் சும்மா நிற்காமல் அறிவிப்புப் பலகையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்திருக்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"ஏம்மா காவ்யா, ஒரு வருசம் ஹாஸ்டல்ல தங்கணும்னு போட்டிருக்கே. யாருக்கு அது?"

காவ்யஸ்ரீ கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரோகிணி மேடத்தின் குரல் கேட்டது. எம் பிள்ளை ஏன் அழல? அதற்குப் பதில் சொன்ன குரல் மெதுவானது, வார்த்தை கேட்கவில்லை. வழவழப்பு மட்டும் கேட்டது. பிறகு பை அமுங்குகிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

பொம்மை அழுதது. ரப்பர் தொண்டையின் கீச்சென்ற அழுகைதான். பாண்டிராஜ் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தான்.

காவ்யஸ்ரீ வராந்தாவிலிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நோட்டு மடங்கிய கையில்தான் இருந்தது. ஆனாலும் பேனாவை எடுத்துத் தன் இடது உள்ளங்கையில் எழுதினாள். 3.41.

"நான் கேட்டதுக்குப் பதிலு சொல்லலையே" என்றான் பாண்டிராஜ். "மீனாவுக்கா? ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா" என்றாள் காவ்யஸ்ரீ. "பாரத்தக் கொண்டாந்ததே நாந்தான்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. உள்ளே தேறிவிட்டால், பொங்கல் கழிந்து அத்தை போய்விடுவாள். இன்றைக்குத்தான் கிடைத்த அத்தை. மை காயாத கையை மூடிக்கொண்டு, காவ்யஸ்ரீ மாமனாரை விட்டுக் கதவின் பக்கம் திரும்பினாள். கதவு திறந்தது.